பருவமும் பக்குவமும்

 

 

மனித வாழ்வு ஒரே நிலையில் தரித்து நிற்பதன்று. பலவீனமான குழந்தையாகப் பிறக்கும் மனிதன் பின்னர் பலம் பெறுவதையும், பெற்ற பலத்தை இழந்து நரையும் தளர்ச்சியும் அடைவதையும் அல்குர்ஆனின் 30ஆம் அத்தியாயமான ஸூரா அர்ரூம் 54ஆவது வசனத்தில் அல்லாஹ் நினைவூட்டுகின்றான். ஸூரா அல்இன்ஷிகாக்கில் (84:19) மனிதன் படிப்படியாக ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குக் கடந்து செல்லவிருப்பதைச் சத்தியமிட்டே கூறுகின்றான். இந்தக் கடப்புகளுள் எமது வீடுகளில் அதிகம் பேசப்படுவதும், ஆனால் மிகக் குறைவாக விளங்கிக் கொள்ளப்படுவதும் பிள்ளைப் பருவத்திலிருந்து வாலிபத்திற்கும், வாலிபத்திலிருந்து பொறுப்புள்ள வாழ்வுக்கும் ஒருவர் கடந்து செல்லும் காலமாகும். இன்று நாம் நோக்கவிருப்பது அதுவேயாகும்.

இரண்டு எல்லைகள்

ஷரீஅத் இக்காலத்திற்கு ஓர் எல்லையை அன்றி, இரண்டு எல்லைகளை வகுத்துள்ளது. முதலாவது 'புலூஃ'. அதாவது பருவமடைதல். இரண்டாவது 'ருஷ்த்'. அதாவது நன்மை தீமையையும் இலாப நட்டத்தையும் பிரித்தறிந்து நடக்கும் பக்குவம். இவ்விரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. முதலாவது உடலில் தானாகவே நிகழ்கின்றது. அதற்காகப் பெற்றோர் எதையும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவதோ பயிற்சியாலும் பரிவாலும் வளர்க்கப்பட வேண்டியது. எமது சமூகத்தில் காணப்படும் பல சிக்கல்களுக்குக் காரணம், முதலாவது எல்லையைப் பிள்ளை தாண்டியவுடன் இரண்டாவதையும் தாண்டிவிட்டதாக நாம் எண்ணிக் கொள்வது. அல்லது அதற்கு நேர்மாறாக, இருபத்தைந்து வயதிலும் அது வரவில்லை என்று சொல்லி வாசலை அடைத்து வைத்திருப்பது.

புலூஃ பற்றிச் சுருக்கமாக அறிந்து கொள்வோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய இயற்கை அடையாளங்களில் ஒன்று வெளிப்படுமாயின் அன்றிலிருந்து அவர் மார்க்கக் கடமைகளுக்கு உரியவராகின்றார். எந்த அடையாளமும் வெளிப்படாதபோது பிறைக் கணக்கின்படி பதினைந்து வயது பூர்த்தியாவதே எல்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடாகும். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுப் போருக்காக முன்னிறுத்தப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. பதினைந்து வயதில் அகழ்ப் போருக்காக முன்னிறுத்தப்பட்டபோது அனுமதித்தார்கள். இச்செய்தியைச் செவியுற்ற கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையிலான எல்லையாக இதனையே எடுத்துக் கொண்டார்கள் என்பது ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. பிறைக் கணக்கின் பதினைந்து ஆண்டுகள் என்பது நாம் பிறப்புச் சான்றிதழில் பார்க்கும் கணக்கின்படி ஏறக்குறைய பதினான்கரை ஆண்டுகளாகும். பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்துக் கணக்கிடும் பெற்றோர் இந்த அரை வருடத்தை மறந்து விடுகின்றனர்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் கடந்து செல்ல முடியாது. மகள் பெரிய பிள்ளையாகிவிட்டால் சில ஊர்களில் பந்தல் போட்டு விருந்து வைக்கின்றோம். நகை, உடை என்று இலட்சக்கணக்கில் செலவழிக்கின்றோம். அந்தப் பிள்ளைக்கு மாதவிடாய்ச் சட்டங்கள், குளிப்பின் முறை, விடுபட்ட நோன்பைக் கழாச் செய்வது பற்றி அமர்ந்து சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. மகனுடைய நிலைமை இதைவிடக் கவலைக்குரியது. அவனுக்கு விருந்தும் இல்லை, விளக்கமும் இல்லை. தன் உடலில் நிகழ்வதை அவன் நண்பனிடமோ கைத்தொலைபேசித் திரையிலோ தெரிந்து கொள்கின்றான். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆயினும் உம்மு ஸுலைம் (ரழி) என்ற ஸஹாபிப் பெண்மணி பெண்களின் குளிப்புக் கடமை பற்றிய ஒரு கேள்வியை நபி (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே கேட்டார்கள். மார்க்கத்தை அறிந்து கொள்ள வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆஇஷா (ரழி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். உம்மா மகளுக்கும் வாப்பா மகனுக்கும் ஒரு மாலைப் பொழுதில் தனிமையில் இருந்து சொல்லிக் கொடுத்தால் இது அரை மணி நேர வேலை.

இனி இரண்டாவது எல்லைக்கு வருவோம். ஸூரா அந்நிஸாவின் 6ஆவது வசனம் அநாதைகளின் சொத்துகளைப் பராமரிப்போரை நோக்கிப் பேசுகின்றது. அவர்கள் திருமண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும், அவர்களிடம் பக்குவத்தைக் கண்டால் அவர்களது செல்வத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் அல்லாஹ் கட்டளையிடுகின்றான். வசனம் அநாதைகளைப் பற்றியதாயினும், பிள்ளை ஒன்று எவ்வாறு பொறுப்புக்குத் தயாராக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேறில்லை. பருவம் வந்த நாளில் சாவியைத் தூக்கிக் கொடுங்கள் என்றும் சொல்லப்படவில்லை. நீங்கள் விரும்பும் வரை வைத்திருங்கள் என்றும் சொல்லப்படவில்லை. அவர்கள் வளர்ந்து விடுவார்களே என்ற அவசரத்தில் அச்சொத்தை விழுங்கிவிட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதே வசனத்தில் இடம்பெறுகின்றது.

பக்குவத்தைக் 'காணுதல்' என்பதற்கு அல்லாஹ் இங்கு பயன்படுத்தியிருக்கும் வினைச்சொல் கவனத்திற்குரியது. 'ஆனஸ' என்பதே அச்சொல். நேசம், நெருக்கம் என்ற பொருள்தரும் 'உன்ஸ்' என்ற சொல்லும் இதே மூலத்திலிருந்து பிறந்ததாகும். மூஸா (அலை) அவர்கள் இருளில் தூர் மலைப் பக்கமாகத் தூரத்தில் ஒரு நெருப்பைக் கண்டதைக் கூறுமிடத்திலும் (28:29) அல்லாஹ் இதே சொல்லையே பயன்படுத்துகின்றான். கட்டிளம் பருவப் பிள்ளையிடம் பக்குவம் என்பது பெரும் தீப்பந்தமாக ஒளிவீசிக் கொண்டு வருவதில்லை. தூரத்து வெளிச்சம் போன்று சிறிதாகவே தென்படும். அதைக் காண்பதற்குப் பார்க்கின்ற கண் வேண்டும். அருகில் நெருங்கிப் பழகவும் வேண்டும். குறை ஒன்றையே தேடிப் பழகிய கண்ணுக்கு அது தென்படாது.

மீன் சந்தைக்கு அனுப்பப்படாத பிள்ளைகள்

சோதித்துப் பார்த்தல் என்றால் என்ன? பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் கொடுப்பதா? ஷாபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்றான 'மின்ஹாஜுத் தாலிபீன்' எனும் நூலில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதனை மிக நுணுக்கமாக விளக்குகின்றார்கள். ஹிஜ்ரி 676இல், அதாவது கி.பி. 1277இல் வபாத்தான அவ்விமாமின் விளக்கத்தைப் படிக்கும் எவரும் அது எமது ஊர்களைப் பார்த்து எழுதப்பட்டதோ என வியப்பர். ஒவ்வொருவரும் தத்தமது குடும்ப நிலைக்கேற்பவே சோதிக்கப்பட வேண்டும். வியாபாரியின் மகன் கொடுக்கல் வாங்கலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்கப்படுவான். விவசாயியின் மகன் பயிர்ச் செய்கையிலும், அதில் வேலை செய்வோருக்குச் செலவழிப்பதிலும் சோதிக்கப்படுவான். கைத்தொழில் செய்பவரின் மகன் அத்தொழிலிலும், பெண்பிள்ளை நூல் நூற்றல் போன்றவற்றிலும் உணவுப் பண்டங்களைப் பூனை போன்றவற்றிடமிருந்து பாதுகாப்பதிலும் சோதிக்கப்படுவார்கள். ஒரு தடவை போதாது. இரண்டு தடவை அல்லது அதற்கு மேலும் சோதிக்க வேண்டும். ஒருமுறை சரியாகச் செய்தது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா?

இச்சோதனை எப்போது நடைபெற வேண்டும் என்பதில் இரு கருத்துகள் உள்ளன. பருவமடைவதற்கு முன்னரே நடைபெற வேண்டும் என்பதே அந்நூலில் முற்படுத்தப்படும் கருத்தாகும். அப்படியாயின் சிறுவனின் வியாபார ஒப்பந்தம் செல்லுபடியாகாதே என்ற கேள்வி எழும். அதற்கும் விடை உண்டு. பேரத்தைச் சிறுவனே பேசுவான். விலை படிந்து ஒப்பந்தம் முடிக்க வேண்டிய இடத்தில் பொறுப்பாளர் முன்வந்து அதை முடித்து வைப்பார். பெற்றோர்களே, இந்தக் காட்சியைச் சற்று மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். பிள்ளை முன்னால் நிற்கின்றான், தந்தை ஓரடி பின்னால் நிற்கின்றார். தந்தை விலகிப் போய்விடவும் இல்லை. பிள்ளையின் வாயிலிருந்து பேச்சைப் பறித்துக் கொள்ளவும் இல்லை.

எமது நடைமுறையோ வேறாக இருக்கின்றது. "படிக்கிற பிள்ளை" என்ற ஒரு சொல்லைக் கொண்டு வீட்டின் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் அவனை விடுவித்து விடுகின்றோம். காலையில் பாடசாலை, மாலையில் மேலதிக வகுப்பு, இரவில் இன்னொரு வகுப்பு. உயர்தரம் படிக்கும் மகனுக்கு ஒரு கிலோ மீனைப் பார்த்து வாங்கத் தெரியாது. வீட்டின் மின்சாரப் பட்டியல் எவ்வளவு வருகின்றது என்று தெரியாது. வாப்பாவின் கடையில் யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்றும் தெரியாது. வயல் உள்ள வீட்டில் வெட்டுக் கூலி என்னவென்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. பெண்பிள்ளைக்கு அடுப்படி வேலை பழக்கப்படுகின்றது. வங்கிக் கணக்கும், அரச அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்பும் முறையும் பழக்கப்படுவதில்லை. பின்னர் பத்தொன்பது வயதில் பெறுபேறு எதிர்பார்த்தபடி வராமல் போக, ஒரு மாத காலத்துக்குள் அதே பிள்ளை கட்டாருக்கோ சவூதிக்கோ விமானம் ஏற்றப்படுகின்றான். முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை அவன் தன் பெயரில் ஆயிரம் ரூபாயைக் கூடச் செலவழித்துக் கணக்குக் காட்டியவன் அல்லன். ஊழியக்காரனாகவும் குடும்பத் தலைவனாகவும் அவன் ஒரே நாளில் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கின்றோம். பொருளாதார நெருக்கடி நாட்டை வாட்டிய 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகச் சென்றனர். அவர்களுள் இவ்வாறு அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அந்தந்த ஊர் அறியும்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையான மாதங்கள் இந்தச் சோதனைக்காகவே அல்லாஹ் ஏற்படுத்தித் தந்த இடைவெளி என்றே எனக்குத் தோன்றுகின்றது. அம்மாதங்களில் பதினாறு வயதுப் பிள்ளை பகல் பத்து மணி வரை தூங்குவதும், இரவு இரண்டு மணி வரை தொலைபேசியில் இருப்பதும், சில இடங்களில் ஐஸ் போதைப்பொருள் விற்பவனின் கண்ணில் படுவதும் நடக்கின்றன. அவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதே இவற்றின் வாசல். மூன்று மாதம் வாப்பாவின் கடைக் கணக்கை அவன் எழுதட்டும். ஒரு மாதச் சமையல் சாமான் செலவை மகளின் கையில் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். பிழை விடுவார்கள், விடத்தான் வேண்டும். உங்கள் கூரையின் கீழ் ஐந்நூறு ரூபாயில் விடும் பிழை, பின்னாளில் ஐந்து இலட்சத்தில் விடவிருக்கும் பிழையைத் தடுக்கக் கூடும்.

ஒரு தாயின் நம்பிக்கை

மேலே குறிப்பிட்ட உம்மு ஸுலைம் (ரழி) அவர்களே அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் தாயார். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது ஏறக்குறையப் பத்து வயதாயிருந்த தம் மகனை நபியவர்களின் பணிக்கென ஒப்படைத்தார்கள். பிள்ளைப் பருவத்திலிருந்து வாலிபத்திற்கு அனஸ் (ரழி) கடந்து சென்றது நபியவர்களின் நிழலிலேயே. அந்தப் பத்து வருடத்திலும் நபியவர்கள் தம்மை நோக்கிச் 'சீ' என்று ஒரு சொல் கூடச் சொன்னதில்லை என்றும், செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ, செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கடிந்து கேட்டதில்லை என்றும் அவர்களே பிற்காலத்தில் அறிவித்தார்கள்.

ஒருமுறை சிறுவர்களுடன் விளையாடிக் கொண்டிருந்த அனஸை நபி (ஸல்) அவர்கள் ஓர் அலுவலாக அனுப்பினார்கள். அதனால் வீடு திரும்பத் தாமதமாகிவிட்டது. தாயார் காரணம் கேட்டார்கள். நபியவர்களின் வேலையாகச் சென்றதாக மகன் கூறினார். என்ன வேலை என்று தாயார் கேட்டபோது, அது இரகசியம் என்று பதில் வந்தது. எமது வீடுகளில் ஒரு பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை உம்மாவின் முகத்துக்கு நேரே இவ்வாறு சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? உம்மு ஸுலைம் (ரழி) அவர்களோ, நபியவர்களின் இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிடாதே என மகனை உறுதிப்படுத்தினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மகனுக்கு ஒரு பொறுப்பு வந்திருப்பதை அத்தாய் கண்டுகொண்டார்கள். அவன் யாரிடமிருந்து அப்பொறுப்பைப் பெற்றான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் தொலைபேசியை ஒளிந்திருந்து பார்ப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளையின் நண்பர்களையும் ஆசிரியர்களையும் பெயர் சொல்லி அறிந்து வைத்திருங்கள். யாருடன் இருக்கின்றான் என்பதை அறிந்த தாய்க்கு என்ன பேசினான் என்பதையெல்லாம் தோண்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஆபத்தின் அறிகுறி வெளிப்படையாகத் தெரிந்தால் அது வேறு விடயம். அப்போது நேராகவே கேட்டுவிடுங்கள்.

அரபுக் கல்லூரிகளிலும் பாடசாலை விடுதிகளிலும் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோரும், அங்கு கற்பிக்கும் உஸ்தாத்மார்களும் மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பை மறந்துவிடலாகாது. சமவயதுடைய வாலிபர்களாக அவர்கள் நபியவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் குடும்ப ஏக்கம் வந்துவிட்டதை அவர்கள் வாய் திறக்கும் முன்னரே நபியவர்கள் உணர்ந்து கொண்டு, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என விசாரித்து, ஊருக்குத் திரும்பிச் சென்று குடும்பத்தாருக்குக் கற்றுக் கொடுக்குமாறு அனுப்பி வைத்தார்கள். அவ்வேக்கத்தைப் பலவீனம் என்று யாரும் அங்கு கேலி செய்யவில்லை.

மத்யனில் ஒரு வயோதிபர்

வாலிபச் செல்வங்களே! இதுவரை உங்கள் பெற்றோருடன் பேசினேன். இனி உங்களுடன் பேச வேண்டும். ஸூரா அல்கஸஸை எடுத்து 14ஆவது வசனத்திலிருந்து நிதானமாக ஓதிப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் உடல் வலிமையின் முழுமையை அடைந்ததாக அல்லாஹ் கூறுவதும், அதற்கு அடுத்த வசனத்திலேயே அவர்கள் பெரும் நெருக்கடியொன்றில் சிக்கிக் கொள்வதும் அங்கு சொல்லப்படுகின்றன. சண்டையொன்றில் உதவி கேட்டவனுக்காகத் தலையிட்டு ஒரு குத்து விட, எதிரி இறந்து போகின்றான். கொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. அரண்மனையில் வளர்ந்தவர் மறுநாள் அச்சத்துடன் நகரை விட்டு வெளியேறுகின்றார். கையில் எதுவும் இல்லை. வலிமை வந்த அதே காலத்தில்தான் வலிமையால் வரும் சோதனையும் வருகின்றது. உங்களில் எவருக்கேனும் ஒரு கணக் கோபத்தாலோ ஒரு தவறான நட்பாலோ வாழ்க்கை தடம் புரண்டிருக்குமாயின், இவ்வரலாறு உங்களுக்குரியது.

மத்யனை அடைந்த மூஸா (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? பசியுடனும் களைப்புடனும் இருந்த நிலையிலும், தண்ணீர்த் துறையில் ஆண்களின் நெரிசலுக்குள் போக முடியாமல் தமது ஆடுகளைத் தடுத்து வைத்துக் கொண்டிருந்த இரு பெண்களைக் கண்டு, விடயத்தைக் கேட்டு, அவ்வாடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். கூலி கேட்கவில்லை. நிழலுக்குச் சென்று அமர்ந்து, தமக்கு எந்த நன்மையை இறக்கினாலும் தாம் அதன்பால் தேவையுடையவர் என்று இரட்சகனிடம் முறையிட்டார்கள். தம் பிரச்சினை தீரும்வரை கை கட்டிக் கொண்டு காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலை கிடைக்காத காலம், பெறுபேறு பிழைத்த காலம், வீட்டில் முகம் கொடுக்க முடியாத காலம் என்று சொல்லப்படும் காலங்களில் உங்கள் கண்முன்னே தண்ணீர் புகட்ட வேண்டிய ஆடுகள் இருக்கவே செய்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பதும், பள்ளிவாசலின் தண்ணீர்த் தாங்கியைக் கழுவுவதும் அதில் அடங்கும். அதன் பின்னர் கேட்கும் துஆவில் ஒரு தனி உருக்கம் இருக்கும்.

சிறிது நேரத்தில் அவ்விரு பெண்களில் ஒருவர் நாணத்துடன் நடந்து வந்து, தம் தந்தை அழைப்பதாகச் சொல்கின்றார். அந்தத் தந்தை யார்? நபி ஷுஐப் (அலை) அவர்களே என்பது மக்களிடம் பிரபல்யமான கருத்து. அல்குர்ஆன் அவரது பெயரைக் கூறவில்லை. அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. பெயர் சொல்லப்படாததிலும் ஒரு நன்மை இருப்பதாக நான் நினைக்கின்றேன். எந்த ஊரின் எந்தப் பெரியவரும் தம்மை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

அப்பெரியவர் செய்ததை வரிசையாகப் பாருங்கள். முதலில் வாலிபரின் கதையை முழுமையாகச் செவிமடுத்தார். அஞ்ச வேண்டாம், அநியாயக்காரர்களிடமிருந்து தப்பிவிட்டீர் என்று தைரியம் சொன்னார். கதையில் ஒரு மரணம் இருந்தது. ஆயினும் அவர் உபதேசம் செய்ததாகவோ, கண்டித்ததாகவோ அல்குர்ஆன் ஒரு வார்த்தை கூடக் கூறவில்லை. பின்னர் மகளின் ஆலோசனையைக் கேட்டார். வலிமையும் நம்பிக்கையும் உடையவரே வேலைக்கமர்த்தச் சிறந்தவர் என்பது அம்மகளின் கூற்று. அதன்படி வேலையும், குடும்ப வாழ்வும், தங்குமிடமும் ஒரே ஒப்பந்தத்தில் கிடைத்தன. எட்டு ஆண்டுகள் உழைக்க வேண்டும். பத்தாகப் பூர்த்தி செய்வது அவரது விருப்பம். அத்தோடு உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்ற உறுதிமொழியையும் அப்பெரியவர் அளித்தார். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை பேசப் போகும் வீடுகளில் வீடு, காணி, ரொக்கம் என்று பெண்ணின் தந்தையைச் சிரமப்படுத்தும் பட்டியல்தான் வாசிக்கப்படுகின்றது. மத்யனில் மாப்பிள்ளையே உழைத்தார். மாமனார் சிரமம் தரமாட்டேன் என்றார். இவ்விரு தவணைகளில் மூஸா (அலை) நிறைவேற்றியது எது என்று கேட்கப்பட்டபோது, நீண்டதையே நிறைவேற்றினார்கள் என இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் பதிலளித்தது புஹாரியில் உள்ளது.

பத்து ஆண்டுகள் ஆடு மேய்த்தல்! ஓர் இளவரசனைப் போல வளர்ந்தவருக்கு அது வீழ்ச்சியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் பெரும் சமுதாயம் ஒன்றைப் பாலைவனத்தினூடாக வழிநடத்த வேண்டியவருக்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் எது? ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்பதும், தாமும் மக்காவாசிகளுக்காக மேய்த்ததாக எங்கள் நபியவர்கள் கூறியதும் நீங்கள் அறிந்ததே. பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளி சில தசமங்களால் தவறியதற்காக வாழ்வே முடிந்துவிட்டது என எண்ணும் தம்பி, தங்கை, அப்பத்து ஆண்டுகளைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

சிலருக்கு இந்நினைப்பு மாத்திரம் போதாமற் போகலாம். உறக்கம் இன்றி, உணவில் விருப்பின்றி, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வாரக் கணக்கில் நீடிக்குமாயின் அதை ஈமானின் குறைபாடு என்று சொல்லி அவர்களைக் காயப்படுத்த வேண்டாம். முதல் வஹீ இறங்கிய பின்னர் நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்துடன் வீடு வந்தபோது அன்னை கதீஜா (ரழி) அவர்கள் முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தணிந்த பின்னரே விடயத்தைக் கேட்டார்கள். உறவைப் பேணுவதும் பிறர் சுமையைத் தாங்குவதுமான கணவரின் நற்குணங்களை எடுத்துச் சொல்லி, அல்லாஹ் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். அதன் பின்னர் விடயம் தெரிந்தவரான வரகா இப்னு நவ்பலிடம் தாமே அழைத்துச் சென்றார்கள். எமது வீடுகளிலோ போர்த்துவதற்கு முன்பே விசாரணை ஆரம்பமாகிவிடுகின்றது. விடயம் தெரிந்தவர் என்பவர் இவ்விடத்தில் வைத்தியரேயாவார். நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபியவர்கள் ஏவியதில் உள்ளத்தின் நோயும் அடங்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் அதற்குத் தடையல்ல; இரண்டும் ஒன்றாகவே நடக்கட்டும்.

ஜாபிரின் ஒட்டகம்

தந்தை இறந்து, ஒரே இரவில் குடும்பத் தலைவனாக மாறிய பிள்ளைகள் எங்களில் பலர். 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்கின் கரையோர ஊர்களில் அவ்வாறான வாலிபர்களைக் கண்டோம். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களும் அப்படிப்பட்டவரே. அவரது தந்தை உஹதில் ஷஹீதானபோது கடனையும் பல சகோதரிகளையும் விட்டுச் சென்றார். ஏழு பேர் என்றும் ஒன்பது பேர் என்றும் அறிவிப்புகள் உள்ளன. தம் வயதை ஒத்த கன்னிப் பெண்ணை மணக்காமல், சகோதரிகளின் தலைவாரிப் பராமரிக்கக் கூடிய, முன்னர் மணமான ஒரு பெண்ணை அவர் மணந்தார். ஒரு பயணத்தில் அவரது ஒட்டகம் பின்தங்கியபோது நபி (ஸல்) அவர்கள் அருகில் வந்து பேச்சுக் கொடுத்து இவற்றையெல்லாம் அறிந்து கொண்டார்கள். அவரது முடிவு சரியானதே என்றார்கள். பின்னர் அந்த ஒட்டகத்தை விலைக்குக் கேட்டார்கள். மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். தர்மம் கொடுக்கின்றேன் என்று அந்த வாலிபரைக் கூனிக் குறுக வைக்காமல், வியாபாரம் ஒன்றைச் செய்து உதவிய அழகைப் பாருங்கள். பின்னர் கடன்காரர்களுக்குப் பேரீச்சம்பழம் அளந்து கொடுக்கும் நாளிலும் நபியவர்கள் நேரில் வந்து அமர்ந்தார்கள். கடன் முழுவதும் தீர்ந்தும் பழம் எஞ்சியிருந்தது.

இன்று சகோதரியின் சீதன வீட்டைக் கட்டி முடிப்பதற்காகவே தன் வாலிபத்தின் எட்டுப் பத்து ஆண்டுகளைப் பாலைவன வெயிலில் கழிக்கும் பிள்ளைகளுக்கு யார் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுக்கின்றார்கள்? சகோதரியைப் பராமரிப்பது நன்மையே; ஜாபிர் (ரழி) அதைத்தான் செய்தார்கள். ஆனால் சீதனம் என்ற பெயரில் அவன் மீது ஏற்றப்படும் சுமை மார்க்கம் ஏற்றியதன்று. பிள்ளையும் அவனது பொருளும் தந்தைக்குரியவை என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸைச் சில பெற்றோர் ஆதாரமாகக் காட்டுகின்றனர். ஷாபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பாலான அறிஞர்கள் அதனைத் தந்தையின் தேவைக்கேற்பப் பெற்றுக் கொள்ளும் உரிமை என்றே விளக்கினர். மகனின் உழைப்பு முழுவதற்கும் தந்தை உரிமையாளர் என்று அவர்கள் கூறவில்லை. ஐந்து வருடம் உழைத்து அனுப்பியவன் விடுமுறையில் வந்து, தன் பெயரில் ஒரு சதமும் இல்லை என்று அறியும் நாளில் அவ்வீட்டில் உடைவது பணம் மட்டுமன்று.

நாம் முன்னர் பார்த்த அந்நிஸாவின் 6ஆவது வசனம், செல்வத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை ஏற்படுத்திக் கொள்ளுமாறு கூறியே நிறைவடைகின்றது. அநாதையின் பொறுப்பாளருக்கான அந்த ஒழுங்கைத் தம் மகன் விடயத்திலும் பேணுவதில் பெற்றோருக்கு எந்தக் குறைவும் இல்லை. வாப்பாமார்களே, உங்கள் மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்தை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதுங்கள். வீட்டுச் செலவு, கடன், சகோதரியின் பங்கு, அவனது சேமிப்பு என்று பிரித்து எழுதுங்கள். அவன் விடுமுறையில் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே உம்மாவையும் சகோதரிகளையும் அமர வைத்து, அந்தக் கொப்பியை அவன் முன் விரித்துக் காட்டுங்கள்.